கருப்பட்டிக் கிடங்குச் சங்கம்

ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும் என்று சட்டம் சொல்கிறதாம். வக்கீல் குமாஸ்தா இதைச் சொன்னபோது கோவிந்தம்மா, ஏழு பேர்தானே என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு வந்தாள். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அவர்கள் சந்தில் சண்டை என்றால் எழுபது பேர் நொடியில் கூடிவிடுவார்கள். ஆனால் ஒரு காகிதத்தில் பெயர் போடு என்றால் ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை வந்துவிடுகிறது, ஒருத்திக்கு அடுப்பில் உலை, இன்னொருத்திக்கு மாமியார். ஏழு பேரைச் சேர்ப்பதற்குள் பங்குனி முழுக்கப் போய்விட்டது.

அந்தச் சந்துப் பெண்களில் பாதிப் பேருக்குக் கடலைக் கிடங்கில்தான் வேலை. வண்டி வண்டியாக வந்து இறங்கும் வேர்க்கடலையை ஓடு உடைத்து, சல்லடையில் ஆட்டி, முறத்தில் புடைத்து, பொக்கும் சொத்தையும் கல்லும் பொறுக்க வேண்டும். முழுப் பருப்பை மட்டும் கோணியில் கட்டினால் அது துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறும். சீமையில் அதை என்ன செய்கிறார்கள் என்பதில் மட்டும் இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மாட்டுக்குப் போடுகிறார்கள் என்பாள் ஒருத்தி, சோப்புக்கு எண்ணெய் ஆட்டுகிறார்கள் என்பாள் இன்னொருத்தி. காலை ஆறரைக்குச் சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், வெளியே வர மாலை ஆறாகும். தூசியில் புருவம்கூடச் செம்பட்டையாகிவிடும். சித்திரையில் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, பிற்பகலில் கடல்காற்று திரும்பும்வரை மூச்சுவிடுவதே தனி வேலை.

கைப்பிள்ளைக்காரிகள், கிடங்கு முற்றத்து வேப்பமரத்தடியில் கோணியை விரித்துப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்துவிடுவார்கள். ஒன்றும் அழாது. புதிதாக வந்த மேஸ்திரி ஒருவர், இந்த ஊர்ப் பிள்ளைகள் எவ்வளவு சமத்து என்று வியந்ததுண்டு. அத்தனையும் அபினின் சமத்து. லைசென்ஸ் கடையில் வாங்கிச் சுருக்குப் பையில் பாக்கோடு பாக்காக வைத்திருப்பார்கள். காலையில் நகத்தில் கடுகளவு எடுத்துப் பாலோடு நாக்கில் தடவினால் பிள்ளை மத்தியானம் வரை கண் திறக்காது. மத்தியானம் இன்னொரு கடுகு. அவரவர் அம்மா செய்ததைத்தான் அவரவரும் செய்தார்கள். எப்போதாவது ஒரு பிள்ளை கண் திறக்காமலே போய்விடும். வயிற்று மாந்தம் என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கோவிந்தம்மாவின் எட்டு மாதக் குழந்தை ஜெயக்கொடியும் மாந்தத்தில்தான் போனது. ஊர் அப்படிச் சொன்னது, அவளும் அப்படியே சொன்னாள். அன்று காலை தன் நகத்தில் எவ்வளவு எடுத்தோம் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். ஒரு கடுகுக்கு மேல் ஒரு பொடி கூடுதலாக இருந்ததா, இரண்டு பொடியா என்று அந்தக் கட்டைவிரல் நகத்தை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் பக்தவச்சலத்திடம்கூட அவள் வாய் திறக்கவில்லை. அதற்கப்புறம் அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், சாமி கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கைப்பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. வந்தபின் அவள் யாரையும் விடவில்லை. கடலைக் கிடங்குக்கு எதிரே கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்துவந்த சுகிர்தம் அம்மாளிடம் போய் நின்றாள். நாசரேத் பக்கத்துக் கிறிஸ்தவ மனுஷி, புருஷன் போனபின் வியாபாரத்தைத் தனியாகக் கட்டி ஆள்கிறவள். அவளுடைய பழைய கிடங்கு ஒன்று சும்மா கிடந்தது.

"தனி ஆளுக்குத் தர மாட்டேன், கேட்டியாம்மா" என்றாள் சுகிர்தம் அம்மாள். "போன தடவ ஒருத்தன் பசனைக்குன்னு கேட்டான். ஆறு மாசத்துல எருமைய கொண்டாந்து கட்டிட்டான். நீ சங்கம்னு பதிஞ்சு காயிதம் கொண்டா. கிட்டங்கிய சங்கத்துக்குத் தாரேன்."

வைகாசி பிறந்தால் தூத்துக்குடியிலிருந்து கருப்பட்டித் தோணி வரும். அதற்கு முன், சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து பார்ப்பேன், ஏழு பெயரும் விதிகளும் எழுதித் தயாராக இருந்தால் சாவி உன்னோடு, இல்லாவிட்டால் இடம் கருப்பட்டிக்கு என்றாள். அதுவரைக்கும் நடத்திப் பார் என்று சாவியையும் கொடுத்தாள்.

அந்தக் கிடங்கைச் சுத்தம் செய்தது தனிக்கதை. இருபது வருஷத்துக் கருப்பட்டி உருகி வழிந்து தரையில் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. கொதிநீரை ஊற்றி, கொத்துக்கரண்டியால் சுரண்டி, சுண்ணாம்பு அடித்தும் எறும்பு போகவில்லை. ஊரில் உள்ள எறும்புக்கெல்லாம் அது பூர்வீக சொத்து. கடைசியில் பிள்ளைகள் யாரும் தரையில் படுக்க வேண்டாம் என்று முடிவு செய்து, உத்தரத்தில் வரிசையாகத் தூளி கட்டினார்கள். தூளிக் கயிற்றில் மண்ணெண்ணெய் துணி சுற்றினார்கள். அப்படியும் தவழ்கிற பிள்ளைகள் சுவரோரம் போய், சுவரை நக்கிக்கொண்டு நிற்கும்.

பக்தவச்சலத்தின் அக்கா குப்பம்மா தினமும் அங்கே இருப்பது என்று ஏற்பாடு. புருஷனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது அவளுக்கு. பெரிய குரல், அதைவிடப் பெரிய கை. மற்ற ஆறு பேரும் ஆளுக்கு ஒரு நாள் கிடங்கு வேலையை விட்டு முறை வைத்து அவளோடு நிற்க வேண்டும். அந்த ஆறில் கோவிந்தம்மா ஒருத்தி, ஏழு மாதப் பையனை வைத்திருந்த ராஜாத்தி ஒருத்தி, மீதி நாலு பேர் பக்கத்து வீட்டுக்காரிகள். ஆம்பிளை யாரும் வேண்டாம் என்பதில் ஏழு பேரும் உறுதியாக இருந்தார்கள். ஓர் ஆம்பிளை உள்ளே வந்தால் முதலில் அவன் தலைவர் ஆவான், அப்புறம் மாலை கேட்பான். ரயில்வே ஷெட்டில் என்ஜின் துடைக்கிற பக்தவச்சலம் ஐந்தாவது வரை படித்தவன், ஆகையால் எழுதிக் கொடுக்க மட்டும் அவனை வைத்துக்கொண்டார்கள். சங்கத்தில் வரும் லாபத்தை உறுப்பினர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதை அவன் வாசித்தபோது குப்பம்மா, "அப்ப இது சங்கமா, வேண்டுதலா நைனா?" என்று கேட்டாள். சிரித்து முடிக்க வெகுநேரமானது.

கோவிந்தம்மா வாய்ச்சொல்லாக ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். அபின் வைத்த பிள்ளையை அந்த வாசலுக்குக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவாள். முதல் வாரத்திலேயே, தலை தொங்கிய பிள்ளையோடு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாள், அதில் ஒருத்தி ராஜாத்தி. சங்கத்தில் பெயர் கொடுத்தவளையே அனுப்பினாள் என்று சந்து முழுக்கப் பேச்சு. ராஜாத்தி நாலு நாள் கழித்துப் பிள்ளையோடு வந்து, விட்டுவிட்டேன் அக்கா, சத்தியம் என்று தலையில் அடித்துச் சொன்னாள். கோவிந்தம்மா சேர்த்துக்கொண்டாள்.

அபின் நின்ற பிள்ளைகள் அழுத அழுகை இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். மூக்கு ஒழுகும், வயிறு போகும், தூக்கம் வராது. பதினொரு பிள்ளைகளில் ஒன்று ஆரம்பித்தால் மற்ற பத்தும் கூடச் சேரும். எதிர்வீட்டுப் பாய், பலசரக்குக் கடைக்காரர், குதிரைவண்டிக்காரர் எல்லோரும் வந்து முறையிட்டுவிட்டுப் போனார்கள். கோவிந்தம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள், அழுகிற பிள்ளை உயிரோடு இருக்கிற பிள்ளை என்று. பத்து நாளில் நாலு பிள்ளைகள் தானாகத் தூங்கி எழுந்து சிரித்தன. இனிமேல் யாராலும் இதை நிறுத்த முடியாது என்று அவளுக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது.

சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை அவளுடைய முறை. ஆனால் வக்கீல் குமாஸ்தா அன்றைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார். எழுதிய நகலை அவரிடம் காட்டித் திருத்தி வாங்கினால்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும். ஒரு பகல்தானே என்று பதினொரு பிள்ளைகளையும் குப்பம்மாவிடம் விட்டுவிட்டு யானைக்கவுனிக்கு நடந்தாள். அங்கே குமாஸ்தா வருவதற்கே பன்னிரண்டு மணியானது. சங்கத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். கடலைக் கிடங்குப் பெண்கள் பிள்ளைக் காப்புச் சங்கம் என்றாள். அவர் அதைத் தன் கையாலேயே எழுதி, சரியாக இருக்கிறது என்றார். திரும்பி வரும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

சந்து முனைக்கு வந்ததும் காது கொடுத்துக் கேட்டாள். சத்தமே இல்லை.

உள்ளே ஓடினாள். சில பிள்ளைகள் தூங்கின, சில சுவரோரம் இருந்தன. ராஜாத்தியின் பையன் குப்பம்மா மடியில் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு, வருமோ வராதோ என்று காத்திருந்து வந்தது. கோவிந்தம்மா அவனைப் பிடுங்கி உள்ளங்காலில் அறைந்தாள். அவன் லேசாக முனகினான்.

"இன்னா குடுத்த, அண்ணி?"

"ஒண்ணும் குடுக்கல."

"அண்ணி."

குப்பம்மாவின் பெரிய குரல் எங்கோ போய்விட்டது. "ஒரு கடுகு, கோவிந்து. ஒரே ஒரு கடுகு. இது வவுத்து நோவுல மொனவிகினே கீது. இது மொனவறதப் பாத்து எல்லாம் அய்வுது. பதினோரு புள்ளைய வச்சிகினு நான் ஒண்டியா இன்னா செய்வேன்?"

கடலைக் கிடங்கிலிருந்து ராஜாத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். வழி முழுக்கக் கோவிந்தம்மா பையனின் காதைத் திருகிக்கொண்டும் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டும் வந்தாள். அங்கே லேடி டாக்டர் முதலில் கேட்டது, எவ்வளவு கொடுத்தீர்கள் என்றுதான். ஒரு கடுகு என்றாள் கோவிந்தம்மா. ஒரு கடுகுக்கு இப்படி ஆகாதே என்று டாக்டர் ராஜாத்தியைப் பார்த்தாள். ராஜாத்தி முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"காத்தால ரெண்டு வச்சேன்" என்றாள் கடைசியில். "அங்க மத்தியானம் வைக்க மாட்டாங்களே. அத்தொட்டு ரெண்டையும் சேத்து வச்சேன்."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?" என்றாள் கோவிந்தம்மா.

"சொன்னா உள்ள உட மாட்டியேக்கா நீ."

கோவிந்தம்மா பையனை டாக்டரிடம் நீட்டினாள்.

கடுங்காப்பி டிகாக்ஷனைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். பிள்ளையைத் தூங்கவிடாதே, தூக்கிக்கொண்டு நடந்துகொண்டே இரு என்றாள் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பெண்களும் மாற்றி மாற்றி நடந்தார்கள். ஒருத்தி கை ஓய்ந்தால் மற்றவள் வாங்கிக்கொள்வாள். பொழுது சாய்கிற நேரத்தில் பையன் கண்ணைத் திறந்து, வீறிட்டு அழுதான். ராஜாத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பழகிய பிள்ளைக்கு ஒரேயடியாக நிறுத்தாதே, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்து என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தாள்.

பிள்ளை பிழைத்தது. சங்கம் பிழைக்குமா என்பதுதான் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நாலு பிள்ளைகள்தான் வந்தன, மீதிப் பிள்ளைகள் பழையபடி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டன. ராஜாத்தியின் மாமியார் தெருவில் நின்று, தனக்கு இல்லாதவள் ஊரான் பிள்ளையைக் கொல்லப் பார்க்கிறாள் என்று கத்தினாள். அது கோவிந்தம்மாவின் நெஞ்சில் போய்த் தைத்தது. ராஜாத்தி இனிமேல் சங்கத்தில் இல்லை என்றும் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அதைவிட மோசம். குப்பம்மா துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் மீஞ்சூரில் இருக்கிற ஓரகத்தி வீட்டுக்குப் போகிறாளாம். கோவிந்தம்மா மாங்காய் போட்டுச் சாளை மீன் குழம்பு வைத்து, களி கிண்டி, மூன்று தட்டிலும் போட்டாள். யாரும் தொடவில்லை. பக்தவச்சலம் இரண்டு நாளாக வேலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தானே தவிர, வாயைத் திறக்கவில்லை. அக்காவைத் திட்டுவான் என்று கோவிந்தம்மா எதிர்பார்த்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அக்காவ யாரும் ஒண்ணும் கேக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனான்.

கோவிந்தம்மாவுக்கு ராஜாத்தி சொன்னதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. கொடுக்காதே என்று அவள் போட்ட கட்டளையால் கொடுப்பது நிற்கவில்லை, சொல்வதுதான் நின்றது. தாயும் சொல்லவில்லை, குப்பம்மாவும் சொல்லவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை கிடந்தது. அவள் மட்டும் என்ன சொன்னாள், ஆறு வருஷமாக?

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு சுகிர்தம் அம்மாள் வெள்ளைச் சேலையும் வேதப்புத்தகமுமாகக் கிடங்குக்கு வந்து, போட்டு வைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கடல்காற்று அப்போதுதான் திரும்பியிருந்தது. கோவிந்தம்மாவும் நாலு பக்கத்து வீட்டுக்காரிகளும் சாக்கில் உட்கார்ந்திருந்தார்கள். குப்பம்மா மூட்டையோடு கதவருகே நின்றாள். பக்தவச்சலம் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் காகிதத்தையும் மைக்கூட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கோயில் வாசல்லயே நாலு பேரு வந்து சொல்லிட்டாவ" என்று ஆரம்பித்தாள் சுகிர்தம் அம்மாள். "பிள்ளை பொழச்சுட்டுல்லா? கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்பம் நான் சொல்லுதத கேளு. தப்புப் பண்ணுனது அந்தப் பொம்பள. அவ பேர அடிச்சுரு, இங்கேருந்து அனுப்பிரு. ஊரு வாய் தானா அடங்கிரும். அவளும் அந்த ராசாத்தியும் போனா அஞ்சு பேருதான் மிச்சம். எங்க சபையிலேருந்து நல்ல பொம்பளையளா ரெண்டு பேரத் தாரேன். ஏழாச்சு. கிட்டங்கிய வச்சுக்க."

நாலு பேரும் மூச்சுவிட்டார்கள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. குப்பம்மாவும் கதவருகிலிருந்தே, "அம்மா சொல்றதுதான் நாயம். அடிச்சுடு நைனா" என்றாள்.

பக்தவச்சலம் பேனாவை மையில் தொட்டான்.

"அடிக்காத" என்றாள் கோவிந்தம்மா.

எழுந்து நின்றாள். "அண்ணி பேர அடிச்சா மொதல்ல எம்பேர அடிக்கணும்மா. எங்கொயந்த மாந்தத்துல போவல. நான்தான் வச்சேன். அன்னிக்கு அதுக்குச் சொரம். கெடங்குக்குத் தூக்கிகினு போவ முடியாம வூட்லயே தூளில போட்டுட்டுப் போனேன். சாயந்தரம் வரைக்கும் தாங்கணுமேன்னு கடுகுக்கு மேலயே வச்சேன். வந்து பாத்தா சில்லுனு கெடக்குது. ஆறு வருஷமா மாந்தம்னு சொல்லிகினு கீறேன்."

அவள் புருஷனைப் பார்க்கவில்லை. பார்த்தால் பேச முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"நானும் வச்சவதான்னு சொல்லியிருந்தா இந்த ராஜாத்தி எங்கிட்ட மறைச்சிருக்க மாட்டா. குடுக்காத, குடுக்காதன்னு கத்தினேன். எனக்குப் பயந்துகினு எல்லாரும் மறைச்சாங்க. அண்ணி பண்ணது தப்புதான். ஆனா அந்தத் தப்ப பண்ணாத பொம்பள இந்தச் சந்துல யாரு? அவங்க பேரயெல்லாம் அடிச்சுட்டு யார வச்சு சங்கம் நடத்தறது?"

சாக்கில் இருந்த நாலு பேரில் ஒருத்தி முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பெட்டிமேல் டக்கென்று சத்தம் கேட்டது. பக்தவச்சலம் பேனாவைக் கீழே வைத்திருந்தான்.

"நீ வச்சது எனக்குத் தெரியாது" என்றான்.

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள், அவன் மைக்கூட்டைப் பார்த்துப் பேசினான்.

"அன்னிக்கு நான் நைட் டூட்டி முடிஞ்சு எட்டு மணிக்கு வந்தேன். நீ அதுக்கு முன்னாலயே வேலைக்குப் பூட்ட. படுத்தேன். பத்து மணிக்கு கொயந்த சிணுங்கிச்சு. தூளிய ஆட்டினேன், தூங்கல. எனக்குக் கண்ணு எரியுது. மாடத்துல டப்பா இருந்துது. நீ எடுக்கறத பாத்துகீறேன்ல. நானும் எடுத்து வச்சேன். அப்பால தூங்கிட்டேன். நீ வந்து கத்தனப்பதான் முய்ச்சேன்."

கோவிந்தம்மா தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் நகத்தை ஆறு வருஷமாக அளந்தவள் அவள். அதே வீட்டில், அதே பாயில், அவனும் தன் நகத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறான். ஆளுக்கொரு பிணத்தைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். அவளுக்குக் கோபமா, துக்கமா, என்னவென்று புரியவில்லை. அவன்மேல் ஓர் இரக்கம் வந்தது. அதற்கு மேல் தன்மேலும் வந்தது, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியா?"

அவள் போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் தோளைத் தொட்டாள். ஊரார் பார்க்கத் தொட்டதில்லை அதுவரைக்கும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதார்கள், குப்பம்மாவும் மூட்டையைப் போட்டுவிட்டு வந்து தம்பியின் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

சுகிர்தம் அம்மாள் வேதப்புத்தகத்தை மடியில் இறக்கி வைத்தாள். ஊர்க்காரர்களிடம் ஒரு பதில் சொல்ல வேண்டியவள் அவள், இடம் அவளுடையது. கடைசியில் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, "பொறவு என்ன? விதிய எழுதுங்க. பொழுது சாயுது" என்றாள்.

கோவிந்தம்மா முகத்தைத் துடைத்தாள். அபின் கொடுக்கக் கூடாது என்று அவள் வாய்ச்சொல்லாகப் போட்டதுதான் முதல் விதியாக அந்தக் காகிதத்தில் ஏறியிருந்தது. அதை அடிக்கச் சொன்னாள். பக்தவச்சலம் அடித்தான்.

"எய்து. மொத விதி. புள்ளைய உடறவ, காத்தாலேர்ந்து இன்னா குடுத்தேன்னு சொல்லிட்டு உடணும். பாத்துக்கறவ, இன்னா குடுத்தேன்னு சாயந்தரம் சொல்லிட்டுத் தரணும். ரெண்டாவது விதி. சொன்னதுக்காக எந்தப் புள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. மூணாவது, ஒருத்தி ஒண்டியா எந்த நாளும் இங்க இருக்கக் கூடாது. அப்பால, கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கறதுன்னு டாக்டரம்மா சொன்னத எய்து."

அவன் எழுதினான். ஓரிடத்தில் மை கொட்டியது, அதை மணல் போட்டு ஒற்றி எடுத்தார்கள். அடியில் பெயர்கள். கோவிந்தம்மா, குப்பம்மா, நாலு பக்கத்து வீட்டுக்காரிகள். ஒவ்வொருத்தியாக வந்து பெருவிரலை வைத்தாள். இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தது, அவர்கள் நிதானமாகப் போட்டார்கள்.

"ஆறுதான் ஆச்சு" என்றாள் சுகிர்தம் அம்மாள். "எங்க சபையிலேருந்து ஒருத்திய எழுதிக்கிடுதியா?"

பக்தவச்சலம் பேனாவைப் பிடித்தபடியே மனைவியைப் பார்த்தான். "ஆம்பள கூடாதுன்னு சொன்ன."

கோவிந்தம்மா மற்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"கடைசில போடு" என்றாள். "தலைவர் கிலைவர்னு ஒண்ணும் கெடையாது. நைட் டூட்டி இல்லாத அன்னிக்கு முறைக்கு வரணும். பீத்துணி அலசணும்."

அவன் தலையை ஆட்டிவிட்டு ஏழாவதாகத் தன் பெயரை எழுதினான். சுகிர்தம் அம்மாள் காகிதத்தை வாங்கி முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சாவியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. குப்பம்மா மூட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் இரண்டு நாள் குழம்பைச் சுட வைத்தாள்.

திங்கட்கிழமை கோவிந்தம்மா முறையை மாற்றிக்கொண்டு தானே நின்றாள். ஆறு மணிக்குக் கதவைத் திறந்து தூளிகளை உதறிக் கட்டினாள். நாலு பிள்ளைகள் வந்தன, அப்புறம் இன்னும் இரண்டு. கொண்டுவந்து விட்டவர்கள் வாசலில் நின்று சொன்னார்கள். ஒருத்தி, ஒன்றும் கொடுக்கவில்லை என்றாள். ஒருத்தி, கொடுத்தேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். கோவிந்தம்மா இரண்டு பிள்ளைகளையும் ஒரே மாதிரி வாங்கிக்கொண்டாள். ஆனால் அவள் கண் சந்து முனையிலேயே இருந்தது.

முதல் சங்கு ஊதியது. கடலைக் கிடங்கை நோக்கிப் பெண்கள் வேகமாகப் போகத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ராஜாத்தி பிரிந்து வந்தாள். பையனை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். வாசற்படிக்கு வெளியே ஒரு முழம் தள்ளியே நின்றுவிட்டாள். பையன் சிணுங்கிக்கொண்டிருந்தான். மாமியாருக்குத் தெரிந்து வந்தாளா, தெரியாமல் வந்தாளா என்று கோவிந்தம்மா கேட்கவில்லை.

"அக்கா" என்றாள் ராஜாத்தி. "நேத்து பூரா அய்தான். எனக்குத் தாங்கல. காத்தால அஞ்சு மணிக்குப் பாதி கடுகு வச்சேன்."

சொல்லிவிட்டு, திரும்பிப் போகத் தயாராக நின்றாள்.

கோவிந்தம்மா படியிறங்கி வந்து இரண்டு கையையும் நீட்டிப் பையனை வாங்கிக்கொண்டாள். கழுத்தை மட்டும் திருப்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அண்ணி, ராஜாத்தி புள்ளைக்கு அஞ்சு மணிக்குப் பாதி கடுகு. இனிமே சாயந்தரம் வரைக்கும் பாலு மட்டும்தான்."

"அஞ்சு மணி, பாதி கடுகு" என்று குப்பம்மா உள்ளிருந்து தன் பழைய குரலில் திருப்பிச் சொன்னாள். அது எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

இரண்டாவது சங்கு ஊதியது. ராஜாத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிடங்கை நோக்கி ஓடினாள்.